அத்தான் பார்க்காமல் விட்டது

எங்கள் அத்தான் வீட்டில் ஒரு மேசைக்கு மட்டும் நிலையான இடம் கிடையாது. காலையில் முன்பக்கத்துச் சன்னலோரம் இருக்கும். வெயில் ஏறியதும் கூடத்துக்கு நடுவே, கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வந்து, போகிற வருகிறவர்களின் இடுப்பை இடித்துக்கொண்டு நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு சமையல்கட்டின் பின்கதவுக்குப் போய்விடும். மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் இருந்த அந்த வீட்டில், வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேசை. அதன்மேல் இருந்த பித்தளை நுண்ணோக்கிக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி உண்டு. அதில் வெளிச்சம் விழுந்தால்தான் மேலே கண் வைக்கிறவருக்கு எதுவும் தெரியும். வீட்டில் மின்விளக்கு இருந்தது. ஆனால் அத்தானுக்கு அது பிடிக்காது. “அந்த வெளிச்சத்துல எல்லாமே மஞ்சக்காமாலை வந்த மாதிரி தெரியுது” என்பார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அப்பாவுக்கு ஜாசின் பக்கம் தோட்டத்தில் வேலை. டவுனில் கான்வென்டில் படிப்பதற்காக நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். படித்ததைவிட அந்த மேசையைத் தூக்க ஒரு கை கொடுத்ததுதான் அதிகம்.

மெர்டேக்கா, சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகிற சாமான்கள் லெலோங்கில் ஏலம் போகும். மற்றவர்கள் ஐஸ்பெட்டி, இரும்புக் கட்டில், கிராமபோன் என்று வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அக்காவுக்குத் தையல் மிஷின் வாங்கிவருகிறேன் என்று போன அத்தான், மரப்பெட்டிக்குள் இதை வைத்துக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். “இதுல எப்படிங்க ரவிக்கை தைக்கிறது?”

“தைக்க முடியாது. ஆனா ரவிக்கைத் துணிக்குள்ள நூலு எப்படி ஏறி எறங்குதுன்னு பாக்கலாம். வா, ஒரு கண்ணு குடுத்துட்டுப் போ.”

ஒரு கண்ணு குடுத்துட்டுப் போ. அத்தானை நினைத்தால் முதலில் எனக்குக் காதில் விழுவது இதுதான். மலேரியா ஆபீசில் அவருக்கு வேலை. சாக்கடைகளில் எண்ணெய் தெளிக்கிறவர்களை மேய்ப்பதும், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதும். அந்தப் பார்க்கிற வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. குளத்துத் தண்ணீர், மீன் செதில், தன் பல்லில் சுரண்டிய அழுக்கு எதுவும் தப்பாது. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள், மலாய் தவிர வேறு பேசாதவர், அன்பாக ஒரு போத்தல் சிஞ்சாலோக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பில் ஊறிய குட்டி இறால். அத்தான் அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, கொண்டுவந்தவரையே பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் பார்த்தார். “அடோய்!” என்றார். போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, தன் பேரனின் சிரங்கை இதில் பார்க்க முடியுமா என்று கேட்க, மறுபடி வந்தார்.

அத்தானின் அம்மாவை நானும் அக்காவும் அத்தை என்று கூப்பிடுவோம். அத்தைக்குத் தயிர் என்றால் உயிர். மகன் ஒருநாள் அந்தத் தயிரைக் காட்டிவிட்டார். “இதெல்லாம் பூச்சியா?” என்று கேட்ட அத்தை, அதன்பிறகு வெகுநாள் ரசத்தோடு எழுந்துகொண்டார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் ஐயர் கொடுத்த தீர்த்தத்தைக் குடிக்காமல், கையைக் குவித்தபடியே அத்தான் வெளியே நடந்ததையும் அத்தை கண்டுபிடித்துவிட்டார். மண்டையில் ஒரு குட்டு. “குடிடா!” குடித்தார். ஆனால் முழுக்கக் குடிக்கவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “பாக்காம எப்படிச் சொல்றீங்க?”

இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பிடிக்காத ஒன்றும் உண்டு. ஒருமுறை அத்தைக்கு முதுகில் கட்டி வந்து காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தார். அத்தான் கட்டியை உடைத்துச் சீழைத் துடைத்தார். துடைத்தவர், நேரே மேசைக்குப் போனார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடச் சைக்கிளை எடுத்தார். அத்தை பிழைத்தார். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேனே! தாயின் முதுகில் வந்த கட்டி என்பது அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் குழந்தை இல்லை. அதற்கு அத்தை ஒரே காரணம்தான் சொல்வார். மகன் அசலில் பெண் எடுத்துவிட்டான்.

“நான் என் தாய்மாமனையே கட்டுனவ. எங்கம்மாவும் சொந்தத்துலதான். ரெண்டு பொண்ணு, ஒரு சிங்கம், வரிசையா பெத்தேன். ரத்தம் ரத்தத்தோட சேரணும்லா. அசல்ல போயி எடுத்தா அது எப்படி ஒட்டும்?”

இதை எங்கள் அக்காவை வைத்துக்கொண்டே சொல்வார். அக்கா வாழைப்பூவை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். வேப்பங்கொழுந்து தின்றாள். அரசமரம் சுற்றினாள். அத்தை அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர், “இவங்களுக்கு ஒரு குறையும் தெரியல. வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாங்க” என்றார். அத்தைக்கு மூக்கு சிவந்துவிட்டது. “ஆம்பளைக்கு ஏது மலடு? படிச்ச திமிரு” என்று ரிக்‌ஷாவில் வருகிற வழியெல்லாம் திட்டினார். வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றும் உத்தரவு.

என் வாய்க்கு அப்படியெல்லாம் உத்தரவு போட முடியாது. மறுநாள் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

அத்தானுக்குக் கோபம் வரும் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவரோ பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண் பளபளத்தது.

“என்கிட்டயா? அட, நான் அதைப் பாக்கவே இல்லையே!”

ஊரில் இருந்த அத்தனையையும் பார்த்தவர் அதைப் பார்க்காமல் விட்டிருந்தார். அடுத்த சில வாரங்களில், சில காலைப் பொழுதுகளில் அறைக்கதவு சாத்தியிருந்தது. மேசை முன்பக்கத்துச் சன்னலோரம் நிற்கும். அத்தான் யாரையும் கண் கொடுக்கக் கூப்பிட மாட்டார். எதையோ பார்க்கிறார், தலையைச் சொறிகிறார், கண்ணாடித் துண்டைக் கழுவுகிறார், வெந்நீரில் மறுபடி கழுவுகிறார். என்ன பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் உடலியல் படித்தவள்தானே. புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

அத்தை தன் பங்குக்கு முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். பேரன் வேண்டும் என்று. நல்ல கொழுத்த சேவல். கோயிலில் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அதுவரை கோழி பக்கமே போகாத அத்தான் அரிவாள்மனை முன்னால் வந்து உட்கார்ந்தார். “நான் சுத்தம் பண்றேன்.” அத்தைக்கு ஆச்சரியம். அவர் கறியை வெட்டவில்லை. முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் சுருள் சுருளாக ஓடிய வெள்ளை நூல் ஒன்றை நிதானமாக உருவி எடுத்து, உப்புத் தண்ணீர் வைத்த கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேசைக்கு ஓடினார்.

அவர் கூப்பிட்டதும் நான் போய்ப் பார்த்தேன். வட்டமான வெளிச்சத்துக்குள் தலைமயிரைவிட மெல்லிய இழைகள். கணக்கே இல்லை. ஒவ்வொன்றும் நெளிந்து, துள்ளி, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின. மீன்பிடிப் படகு கரைக்கு வந்ததும் உஜோங் பாசிர் கடற்கரையில் ஜனங்கள் ஓடுவார்களே, அந்த மாதிரி. சேவல் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதற்குள் இருந்தவற்றுக்கு அது தெரியவில்லை.

“அப்ப லென்ஸு நல்லாத்தான் இருக்கு” என்றார் அத்தான், தனக்குத்தானே.

அவர் உடனே எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று, புதுவகைக் கொசு ஒன்று அகப்பட்டதைச் சொல்வதுபோல அவ்வளவு உற்சாகத்தோடு சொன்னார்.

“தெரிஞ்சுபோச்சு! கோளாறு எனக்குத்தான். இத்தனை நாளா கண்ணாடியில தப்புன்னு நெனச்சேன். சேவலுக்கு ஓடுது. எனக்கு ஓடல. தலை இருக்கு, எல்லாத்துக்கும் தலை இருக்கு. வாலுதான் இல்ல. சிலதுக்குக் கட்டை மாதிரி, சிலதுக்குச் சுருண்டு போயி... ஒன்னுகூட நீந்தலம்மா! வா, வந்து பாரு!”

அக்கா துருவுவதை நிறுத்தினாள். கையில் பாதி மூடித் தேங்காய். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இத்தனை வருசமா நான் வேப்பங்கொழுந்து தின்னேன்” என்றாள். “ஒங்களுக்குச் சந்தோசமா இருக்கா?”

அத்தானுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திரும்பிப் போனார். அன்றைக்குச் சேவல் குழம்பை அத்தை மட்டும்தான் சாப்பிட்டார்.

அதன்பிறகு மேசை நகரவில்லை. வெளிச்சம் கூடத்துக்கு வந்தது, பின்கதவுக்குப் போனது. மேசை முன்பக்கத்துச் சன்னலோரமே தூசு படிந்து நின்றது. அக்கா அவரோடு பேசவில்லை. அத்தையிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். “இதை வெளிய சொன்னே, நான் கெணத்துல விழுந்துருவேன். பூச்சியைப் பாத்துப் பாத்து ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சுடா!” அதோடு நிற்கவில்லை. புக்கிட் ரம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்த தன் தம்பிக்கு ஆள் அனுப்பினார். தம்பிக்கு ஒரு பெண் இருந்தது. அத்தானுக்கு உரிமைப் பெண். முதலிலேயே அந்தப் பெண்ணைத்தான் கட்டியிருக்க வேண்டுமாம். இப்போதாவது கட்டட்டும். அக்கா? அவள் பாட்டுக்கு இருக்கட்டும், யார் போகச் சொன்னது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாமா வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பெராங்கான் வாழைப்பழம். கட்டை குட்டையான மனிதர், வேட்டியும் கோட்டும். அக்கா கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கல்மனசுக்காரர் என்றில்லை. பார்த்தால் பேச வந்ததைப் பேச முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவு மறைவில் அக்கா. அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் இப்போது பேசாவிட்டால் என் அக்கா இந்த வீட்டில் வேலைக்காரி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அத்தை மகனையே முறைத்துக்கொண்டு பேசினார்.

“இவளை நான் கொறை சொல்ல வரல தம்பி. நல்ல பொண்ணுதான். வயித்துல ஒன்னும் தங்கல, அவ என்ன பண்ணுவா? மலடிக்கு ஒரு வேளைச் சோறு போட நமக்கு என்ன கொறைச்சல்? ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்.”

“பாக்காம எப்படிச் சொல்றீங்க?” என்றார் அத்தான்.

பழக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வந்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. எழுந்து நின்றார்.

“மாமா, கொறை அவகிட்ட இல்ல. என்கிட்ட. நான் பாத்துட்டேன்.”

“டேய்!” என்றார் அத்தை.

மாமா சிரிக்கப் பார்த்தார். “என்ன மாப்ள, பொண்ணு புடிக்கலைன்னா நேரா சொல்லு. எதுக்கு ஒன்னையே அசிங்கப்படுத்திக்கிறே?”

“புடிக்காம இல்ல மாமா. நல்ல பொண்ணு. ஒங்க மவளைக் கட்டுறேன், நாளைக்கே கட்டுறேன். அப்புறம்? கொஞ்ச வருசம் கழிச்சு அதையும் இதே கதவுக்குப் பின்னால நிக்க வெப்பாங்க. மலடின்னுதான் சொல்வாங்க. அப்ப தாம்பாளம் தூக்கிட்டு எந்த மாமா வருவாரு?”

அத்தான் முன்பக்கம் போய் மேசையைத் தனியாகவே இழுத்துக்கொண்டு வந்தார். சிமிட்டித் தரையில் அது கிறீச்சென்று கத்தியது. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே நிறுத்தினார். உள்ளே போனவர், கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் கழித்துக் கையில் கண்ணாடித் துண்டோடு வந்தார். அதுவரை அத்தையும் அவர் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் பதற்றமும் சேர்ந்து வரும்.

“வாங்க மாமா. ஒரு கண்ணு குடுங்க.”

மாமா எழுந்தது எனக்கு ஆச்சரியம். கடைக்காரர் அல்லவா, சாமானைப் பார்க்காமல் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. குனிந்தார்.

“ஒன்னும் தெரியலியே. கறுப்பா ஏதோ கம்பு கம்பா...”

“அது ஒங்க கண்ணு மயிரு மாமா. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங்.”

அவர் பார்த்தார். கோட்டுப் பையில் ஒரு கை; மறுகை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார்!

“புள்ளி புள்ளியா...”

“அதுதான் தலை.”

“அசையலியே மாப்ள.”

“வாலு இருந்தாத்தானே மாமா அசையும்?”

“மருந்து ஏதாச்சும் இருக்கா இதுக்கு?”

“தெரியல. இருக்கிற மாதிரித் தெரியல.”

மாமா வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். புறப்படும்போது தாம்பாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பழத்தை விட்டுவிட்டார். அத்தையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, என் அக்காவின் பெயரைச் சொல்லி, “வரேம்மா” என்றார்.

அந்த ‘வரேம்மா’வோடு இரண்டாம் கல்யாணப் பேச்சு முடிந்தது. அத்தை கிணற்றில் விழவில்லை. சில நாள் படுத்துக்கொண்டார். எழுந்தபோது யார் கண்ணோ பட்டுவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். மலடி என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் அதன்பிறகு கேட்கவில்லை. அக்கா அத்தானோடு பேச இன்னும் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டாள். “கூடத்துல சொன்னாருல்ல, அதுக்காக மன்னிச்சேன்” என்றாள் என்னிடம். “சமையல்கட்டுல சொன்னதுக்கு இன்னும் இல்ல.”

மேசை மறுபடி நகர ஆரம்பித்தது. அத்தானுக்கு இப்போது புதிய அரிப்பு. வால் ஏன் இல்லை? எங்கிருந்து வந்தது இந்தக் குறை? “எங்கப்பாகிட்டேருந்து வந்துச்சுன்னா, அவருக்கும் வாலு இருந்திருக்காது. அப்புறம் நான் எப்படிப் பொறந்தேன்? புள்ளை பெத்துக்க விடாத ஒன்னு எப்படிப் புள்ளைக்கு வரும்? சொல்லு புள்ள, நீதான் படிச்சவளாச்சே.” எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தாவரமும் விலங்கும் படிக்கச் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விதான்.

அங்கே ஒரு விரிவுரையில் திரையில் ஒரு படம் போட்டார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது. அந்த வாலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உள்ளே வளையமாக மெல்லிய தண்டுகள். அவற்றைச் சுற்றிக் காவலுக்கு நிற்பதுபோல இன்னும் தடித்த தண்டுகள். தென்னங்கீற்றுக்குள் ஈர்க்கு இருப்பது மாதிரி. அந்த ஈர்க்கு சரியாக அமையாவிட்டால் கீற்று தொங்கிப்போகும், சுருண்டுபோகும். ஈர்க்கை எப்படிக் கட்டுவது என்கிற குறிப்பு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்குள் வருகிறது. ஒன்று பிழையாக இருந்தாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டுமே பிழையாக வந்து சேர்ந்தால்தான் வினை. வால் விஷயத்தில் இப்படித்தான் என்று விரிவுரையாளர் சொல்லவில்லை. பட்டாணிச் செடிக்கு அவர் சொன்னதை வைத்து நானாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரிப் பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதற்கு எங்கே வாய்ப்பு அதிகம்? ஒரே ரத்தம் ரத்தத்தோடேயே சேர்ந்துகொண்டு வந்த குடும்பத்தில்.

விடுமுறைக்கு வந்ததும் ஓடினேன். பின்மதியம். மேசை பின்கதவோரம். அத்தான் மழைத்தண்ணீர் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அப்பால் அம்மியடியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். நான் சாக்பீசால் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினேன். இது உங்கள் அப்பா, இது உங்கள் அம்மா, இது அவர்கள் இரண்டு பேருக்கும் மேலே இருக்கிற, உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி; உங்கள் அம்மாவுக்கும் அவர்தான் பாட்டி.

அவர் மேசையை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்பீசை என்னிடமிருந்து பிடுங்கி அவரே ஒரு கோடு இழுத்தார்.

“அப்ப அசல்ல எடுத்ததுனால இல்ல. சொந்தத்துல எடுத்ததுனாலதான்! அப்பாகிட்டயும் ஒன்னு, அம்மாகிட்டயும் ஒன்னு. ரெண்டு பேருக்குமே தெரியாது. அடேயப்பா! அடேயப்பா புள்ள!”

சேவலைப் பார்த்த அன்றைய முகம் அப்படியே திரும்பி வந்தது. எழுந்தார். சாக்பீசோடு அம்மியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். “அம்மா! இங்க வா, ஒன்னு தெரிஞ்சுபோச்சு...”

அத்தை குழவியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கண் மங்கிப்போயிருந்தது அவருக்கு, நரைத்த தலையில் மசாலா ஒட்டியிருந்தது. “என்னடா?”

அத்தான் அந்த இடத்திலேயே நின்றார். தாயின் முகத்தைப் பார்த்தார். ஒரு பொருளை அவர் அத்தனை நேரம் நுண்ணோக்கி இல்லாமல் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு திரும்பி வந்து, காலால் தரையில் இருந்த வட்டங்களைத் தேய்த்து அழித்தார்.

“இது என்னோட நிக்கட்டும் புள்ள” என்றார் மெதுவாக.

“என்னடா தெரிஞ்சுச்சு? கூப்புட்டுட்டு நிக்கிறே?” என்றார் அத்தை.

“மழைத்தண்ணியிலயும் புழு இருக்கும்மா.”

“அதைத்தான் நான் எப்பலேருந்தோ சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அத்தை மறுபடி அரைக்க ஆரம்பித்தார்.